உலகம்மை தாளிச்ச சயாம் சேவை

உலகம்மைக்கு அன்னிக்கு ஒரே ஒரு வேலதான். அடுக்களைல எதையும் தொடாம சும்மா இருக்கணும். பொறந்ததுலேர்ந்து அவளுக்கு வராத வேல அது ஒண்ணுதான்.

விஷயம் என்னன்னா, அவ தம்பி கோமதிநாயகம் ரொம்ப வருஷம் சயாம்ல, பாங்காக்ல ஒரு ஜவுளிக்கடைல இருந்துட்டு, சண்டையெல்லாம் ஓஞ்சபொறவு ஊர் வந்து சேந்தவன். தமிழும் மலையாளமும் கலந்து பேசுற வலியசாலைல அக்கா வீட்டுலதான் இருப்பு. சாலைக் கம்போளத்துல ஒரு கடைல வேலையும் ஆயாச்சு. வயசு நாப்பதத் தொடப் போகுது, கல்யாணம் மட்டும் அமையல. பொண்ணு வீட்டுக்காரங்க வருவாங்க, காப்பி குடிப்பாங்க, "சயாம்ல என்னத்தத் தின்னானோ"ன்னு போயிருவாங்க. சைவக் குடும்பம்லா.

இப்பம் ஒரு எடம் வந்துருக்கு. ஜெயலக்ஷ்மின்னு பேரு, பெண்பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். அப்பா கெடையாது, அத்தை பகவதியம்மாள்தான் எல்லாம். அந்தப் பொண்ணு ஒரு கண்டிஷன் சொல்லி அனுப்பிருந்தா. "ஸ்கூல் விட்டு வந்து நான் அடுப்புல வேக மாட்டேன். மாப்பிள்ளைக்குச் சமைக்க அறியுமா? அறியும்னா நான் வந்து தின்னு பாக்கணும்."

பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்கு வாறதான்னு தெருவே மூக்குல வெரல் வச்சுது. உலகம்மை, "வரட்டும், தின்னட்டும், எந்தம்பிக்கு ஒரு வழி பொறக்கட்டும்"ன்னுட்டா.

கோமதிநாயகம் பெட்டிலேர்ந்து ஒரு கட்டு எடுத்தான். சயாம்லேர்ந்து கொண்டாந்த சேவை, பாசிப்பயறு மாவுல பண்ணினது. வெந்நீர்ல ஊறப்போட்டதும் கண்ணாடி மாதிரி ஆயிருச்சு.

உலகம்மை வீட்டுக்காரர் தாணுமாலயன் எட்டிப் பாத்தாரு. "மாப்ள, இது திங்கவா, தூண்டில்ல கட்டவா?"

"தின்னு பாத்துட்டுப் பேசும் அத்தான்." அவன் சின்ன உள்ளி அரிஞ்சான், பச்சமொளகா நறுக்கினான், வெள்ளரிக்கா, புதினா, மல்லித்தழை எல்லாம் போட்டான், வறுத்த நெலக்கடலைய நுணுக்கினான். எலுமிச்சங்கா பிழிஞ்சான்.

"அங்க இதுக்கு மேல மீனை உப்புல ஊறவச்ச தண்ணிய ஊத்துவாங்கக்கா."

"லே! வாயக் கழுவுல! சுவரு கேட்டாலும் தீட்டுல!"

"ஊத்தலக்கா. அதுக்குப் பதிலா ஒம் ஊறுகாப் பரணில கெடக்குற உப்புமாங்காத் தண்ணி. அதே உப்பு, அதே புளிப்பு."

அது நல்ல யோசனைதான்னு உலகம்மைக்கே பட்டுது.

கொஞ்சம் சர்க்கரைக்கட்டிய சீவிப் போட்டுப் பெரட்டி மூடி வச்சான். "குளிச்சிட்டு வாறேன். இத நீ தொடப்பிடாது, கேட்டியா?"

"நான் எதுக்குல தொடுறேன்?"

அவன் கெணத்தடிக்குப் போனதும் மூடியத் தெறந்தா. பாக்கத்தான் தெறந்தா. பச்சை உள்ளி வாசம் குப்புன்னு ஏறுச்சு. ஒரு சொட்டு எண்ணெ காட்டல. அடுப்புல ஏறவேயில்ல. விருந்தாளிக்குத் தாளிக்காத பண்டத்தையா வைக்கது? எழவு விழுந்த துஷ்டி வீட்லகூட ஒரு கடுகு பொரியும். அந்த அத்தைக்காரி எலையப் பாப்பா, "இந்த வீட்ல கடுகு வாங்க வக்கில்லையா"ன்னு போவா. தம்பி காலமெல்லாம் இப்படியே நிப்பான்.

தம்பிக்கு நல்லது பண்ணுறோம்னுதான் நெனச்சா. தேங்கா எண்ணெ காஞ்சுது, கடுகு வெடிச்சுது, உளுந்தம்பருப்பு செவந்துது, காயம், கருவேப்பிலை, சொய்ங்னு மேல ஊத்திட்டா. சேவை அப்படியே ஒண்ணோடொண்ணு கட்டிக்கிட்டுது. புதினா கறுத்துப் போச்சு. ஆனா வீட்டுல ஒரு வாசம் வந்துது பாருங்க, அப்பதான் அவளுக்கு மூச்சே வந்துது.

கோமதிநாயகம் தல தொவட்டிட்டு வாறதுக்கும் பொண்ணு வீட்டுக்காரங்க வாசல்ல செருப்பக் கழத்துறதுக்கும் சரியா இருந்துது. எல போட்டு, உலகம்மையே வெளம்பினா. அவன் எலையப் பாத்தான். அக்காவப் பாத்தான்.

ஜெயலக்ஷ்மி ஒரு வாய் தின்னா. "சயாம்ல கடுகு தாளிப்பாங்களா?"

அக்காவக் காட்டிக் குடுக்கப்பிடாதுன்னு அவன், "சில வீட்ல… உண்டு"ன்னு இழுத்தான்.

"காயமும் போடுவாங்க, அல்லே?"

"கொஞ்சமா."

அவ எலைய மடக்கல, ஆனா கைய எடுத்துட்டா. "நான் தெனமும் பரீட்சைப் பேப்பர் திருத்துறவ. கிளாஸ்ல ஒரு குட்டி எழுதின பேப்பர்ல இன்னொரு ஆளு கை பட்டா எனக்குத் தெரியும். இது இவுங்க கை." உலகம்மையக் காட்டினா. "அத்தை, எறங்கலாம், வீட்டுக்குப் போவோம்."

பகவதியம்மாள் வாய் நெறைய வச்சுக்கிட்டு, "இருடீ, நல்லாத்தானே இருக்கு"ன்னா.

உலகம்மை வெளம்புற கரண்டியோட முன்ன வந்து நின்னா. "எம்மா, அவந்தான் பண்ணினான். தாளிச்சது மட்டும் நான். அவன் தொடாதன்னு சொன்னான், கை நிக்கலம்மா."

"அக்கான்னா தம்பிக்காக அப்படித்தான் பறைவாங்க"ன்னா ஜெயலக்ஷ்மி.

"அப்பம் ஒன் கண்ணு முன்னாடி பண்ணச் சொல்லு!"

"சேவை தீந்து போச்சேக்கா"ன்னான் தம்பி.

"காலம்பற அவிச்ச இடியாப்பம் இருக்குல. அது மதி, போதும்."

ஜெயலக்ஷ்மி எந்திரிக்கப் போனவ திரும்ப ஒக்காந்தா. "அக்காவும் எம் பக்கத்துல இருக்கட்டும்."

நடுவீட்ல முறத்தையும் அரிவாமணையையும் போட்டு அவன் ஆரம்பிச்சான். உலகம்மை ரெண்டு கையையும் தொடைக்கடில வச்சுக்கிட்டா. எலுமிச்சை விதை உள்ள விழுந்துது. தோள் துடிச்சுது அவளுக்கு. உள்ளிய இம்புட்டுப் பெருசா அரியுதான். பல்லக் கடிச்சா. அவன் பாட்டுக்கு விதைய எடுத்துப் போட்டான், மாங்காத் தண்ணி தெளிச்சான், ருசி பாத்தான், தலைய ஆட்டிட்டு இன்னும் கொஞ்சம் சர்க்கரை சீவினான். யார்ட்டயும் ஒண்ணும் கேக்கல.

ஜெயலக்ஷ்மி தின்னா. மொளகாக் காரம் உச்சிக்கேறி கண்ணுல தண்ணி. மூக்க உறிஞ்சிட்டு இன்னொரு பிடி எடுத்தா. இன்னொரு பிடி.

"எரியுதா? மோர் தரட்டா?"ன்னு பதறினான் கோமதிநாயகம்.

"வேண்டாம். கொள்ளாம், ருசியாத்தான் இருக்கு." அப்புறம் கைய நக்கிக்கிட்டே, "ஸ்கூல் பக்கத்துல ஒரு வீடு பாருங்க. சின்னது போதும்"ன்னா.

பகவதியம்மாள் உடனே, "அப்பம் தேதி பாக்கலாம்லா? அதுக்கு முன்னாடி எனக்கு அந்தத் தாளிச்சது இன்னும் கொஞ்சம்"ன்னா.

"ஸ்கூல் பக்கத்துல எதுக்கும்மா, இங்கயே…"ன்னு ஆரம்பிச்ச உலகம்மை, ஜெயலக்ஷ்மி மொகத்தப் பாத்து பாதிலயே சிரிச்சிட்டா. "செரி தாயி. புரியுது. நான் விருந்துக்கு வாறேன்."

"வாங்கக்கா. வந்து ஒக்காந்து தின்னா மதி."

தாணுமாலயன் கதவோரம் நின்னு, "எழுதி வாங்கிக்க மாப்ள"ன்னாரு.

தம்பி அவளுக்கும் ஒரு எலைல வச்சுக் குடுத்தான். ஒரு வாய் தின்னா. இதுல இன்னும் என்ன கொறையுதுன்னு அவளுக்கு நல்லாவே தெரிஞ்சுது. வாயத் தெறந்தா. நாலு பேரும் அவளையே பாத்தாங்க.

"நல்லாருக்கு"ன்னா.