களிம்பின் ருசி

பழைய தெருவிளக்குகளைத் தேடித்தேடிச் சேர்ப்பவருக்கு மனைவி வைத்த பெயர் விளக்குப் பைத்தியம். செம்பில் பூத்த பச்சைக் களிம்பு அசலா என்று அறிய, அவர் நுனி நாக்கை வைத்துப் பார்ப்பார். பூசிய சாயம் நாக்கில் ஒட்டும், நூறு வருஷக் களிம்பு ஒட்டாது. துணியால் துடைத்துப் பார்க்கக் கூடாதா என்றால், "துணிக்கு என்ன தெரியும்?" என்பார்.

அன்று பழைய சாமான் கடையில் பூவேலை செய்த கூண்டு விளக்கு ஒன்று கிடைத்தது. நக்கினார், ஒட்டவில்லை. வாயெல்லாம் பல்லாக வீட்டுக்குத் தூக்கி வந்தார்.

செம்புப் பட்டறையில் வேலை பார்க்கும் மனைவியின் தம்பி அதைத் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, இது போன வருஷம் நான் அடிச்சுக் குடுத்தது."

"உளறாதடா. பச்சை ஒட்டவே இல்லையே!"

"எப்படி ஒட்டும்? கடைக்காரர் ஒரு டிரம் நிறைய மூத்திரம் பிடிச்சு, அதுல மூணு மாசம் ஊறப்போட்டாரே."

அவர் குழாயடிக்கு ஓடி, சோப்பை எடுத்து நாக்கிலேயே தேய்த்தார். காறிக் காறித் துப்பினார். ச்சீ, என்ன பிழைப்பு!

மனைவி கூடத்துச் சுவரில் தொங்கிய பதினோரு விளக்குகளையும் பார்த்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்:

"இதெல்லாம் எந்தக் கடையில வாங்கினீங்க?"

அவர் மறுபடியும் சோப்பை எடுத்தார்.