ஜெயசீலியின் மன்னிப்பு

காட்டாங்குளத்தூரில் இலக்கியப் பேராசிரியராக இருந்த ராஜகோபாலனுக்கு ஏழைகளை ரொம்பப் பிடிக்கும், நாவலில் வரும் ஏழைகளை. பழைய நாவல்களில் அடிபட்ட வேலைக்காரன் எஜமானனை மன்னிக்கும் கட்டத்தை வகுப்பில் வாசிக்கும்போது அவர் குரல் தழுதழுக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். அந்த வருடக் கருத்தரங்குக்கு அவர் கொடுத்திருந்த தலைப்பும் அதுதான்: ‘செவ்வியல் புனைகதையில் ஏழைத் தொழிலாளி: வர்க்கமும் மன்னிப்பும்.’

கட்டுரை பாதியில் இருக்கும்போது அவருடைய கைக்கடிகாரம் காணாமல் போயிற்று. செம்பாக்கத்தில் அவர் குடியிருந்த அடுக்ககத்தில் அவர் வீட்டையும் சேர்த்து நாலைந்து வீடுகளுக்கு வேலை செய்துவந்தவள் ஜெயசீலி. ராஜகோபாலன் அதிகம் யோசிக்கவில்லை. கடிகாரத்தின் படத்தையும் ஜெயசீலியின் பெயரையும் சேர்த்து, எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கவும் என்று அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். மறுநாள் வாட்ச்மேன் அவளைக் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினான்.

சில வாரம் கழித்து, கருத்தரங்குக்கு அவர் போட்டுக்கொள்ள வேண்டிய கோட்டை எடுத்து உதறிய மனைவி லோகநாயகியின் காலடியில் கடிகாரம் விழுந்தது. குரூப்பில் உடனே சொல்லிவிடுங்கள் என்றாள் அவள். ராஜகோபாலன் போனை எடுத்தார், வைத்தார். அடுக்ககச் சங்கத் தலைவர் பதவிக்கு அவர் நின்றுகொண்டிருந்த நேரம். தவிர, மன்னிப்பு என்பது இரண்டு ஆன்மாக்களுக்கு நடுவில் நடப்பது, அதைக் குரூப்பில் போடுவது கொச்சை என்று அவருக்குத் தோன்றியது. கட்டுரைக்கு இன்னும் முடிவு கிடைக்கவில்லை என்பதும் ஞாபகம் வந்தது.

ஜெயசீலி இப்போது பெருங்களத்தூரில் ஒரு புது அடுக்ககத்தில் வேலை செய்கிறாள் என்று விசாரித்துக்கொண்டு, இனிப்புப் பெட்டியோடு போனார். வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டு இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, கடிகாரம் கிடைத்துவிட்டதைச் சொன்னார். தன் மனசு படும் பாட்டையும் விவரமாகச் சொன்னார். அவள் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே காதில் வாங்கிக்கொண்டாள். கருத்தரங்கு மேடைக்கு வந்து, மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொன்னாடை போர்த்துவோம் என்றார்.

“என்னியத் திருடின்னு அந்த மேடையிலயா சார் சொன்னீங்க?”

“இல்லம்மா, அது வந்து...”

“குரூப்புல தானே போட்டீங்க? அதே குரூப்புல அவ எடுக்கலன்னு போடுங்க. மன்னிக்கிறதப் பத்தி அப்பால பாத்துக்கலாம்.”

பஸ் வந்தது. இனிப்புப் பெட்டியை வாங்காமலே ஏறிப் போய்விட்டாள்.

ராஜகோபாலனுக்கு ஏமாற்றமாக இருந்தது. எந்த நாவலிலும் எந்த வேலைக்காரியும் இப்படி நிபந்தனை போட்டதில்லை. ஆனாலும் கருத்தரங்கில் அவர் குறை வைக்கவில்லை. தான் அறிந்த ஓர் ஏழைப் பெண்மணி, தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை எண்ணிப் பார்த்து, ஒரு சொல்லும் பேசாமல் கண்களாலேயே மன்னித்தாள் என்று முடித்தார். அநீதி இழைத்தவர் யார் என்ற விவரத்துக்குள் அவர் போகவில்லை. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

முன்வரிசையில் இருந்த லோகநாயகி கைதட்டவில்லை. போனை எடுத்து, கடிகாரம் தங்கள் வீட்டுக் கோட்டுக்குள்ளேயே இருந்தது, ஜெயசீலி எடுக்கவில்லை, தப்பு தங்களுடையது என்று அடுக்ககக் குரூப்பில் போட்டாள். ராஜகோபாலன் அதைப் பார்த்தபோது மாணவர்களோடு செல்ஃபிக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குள் இரண்டு கும்பிடு பொம்மைகள் வந்திருந்தன. தண்ணி லாரி எப்போது வரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். தலைவர் பதவிக்கு வேறு யாராவது நின்றால் தேவலை என்று இன்னொருவர் எழுதியிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் லோகநாயகி ஜெயசீலிக்குப் போன் செய்து வெகுநேரம் பேசினாள். ராஜகோபாலன் பக்கத்திலேயே நின்றார்.

“மன்னிச்சுட்டாளாமா?”

“அதை நான் கேக்கலை. நாளைக்கு வேலைக்கு வரியான்னு கேட்டேன். இனிமே இந்தப் பக்கம் வர்றதா இல்லையாம்.”

லோகநாயகி ஹாலில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சமையலறைத் தொட்டியில் காலைப் பாத்திரங்கள் காய்ந்து கிடந்தன. ராஜகோபாலன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தேய்க்கிற நார் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.