சுழி விழுந்த மீன் கடை

பாகூர் கடைத்தெருவில் தாயாரம்மாள் விற்ற மீன்கள் போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணியிலிருந்து ஷாக் அடித்தன. வஞ்சிரம் பலமாக அடித்தது, சங்கரா அதைவிடக் குறைவு, நெத்திலி விரல் நுனியில் சுருக்கென்றதோடு சரி. முதலில் அடி வாங்கியவர் தபால்காரர் கலைவேந்தன். பையைப் போட்டுவிட்டுப் போனவர் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. மற்றவர்களும் வரவில்லை.

தாயாரம்மாள் பிள்ளைச்சாவடியில் பிறந்து பாகூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பத்தொன்பது வருடம் தலையில் கூடை சுமந்து விற்றார். சும்மாடு இருந்த இடத்தில் முடியே கிடையாது. கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் கூடை தூக்கினால் கை விளங்காது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கடை போட்டார். கடை ஓடாவிட்டால் மறுபடி கூடைதான்.

லைன்மேன் அரசு வந்து மெயினை இறக்கினார், ஃபியூஸைப் பிடுங்கினார், கடைசியில் கம்பத்திலிருந்தே ஒயரைக் கழற்றினார். மீன் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஏணியில் நின்றபடியே கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தார். முந்தின நாள் காற்றில் ‘மீ’யின் தலைச்சுழி பிய்ந்து விழுந்திருந்தது. ‘தாயாரம்மாள் மின் கடை’ என்று இருந்தது.

“அக்கா, போர்டுல இன்னா போட்டுக்குதோ அதான் வருது. பாயப் போய்க் கேளு.”

பாய் என்பது அந்தப் பலகையைச் செய்த நூருல் அமீன். அவரும் மனைவி தாஜ் நிஷாவும் எழுத்தைக் காகிதத்தில் வரைந்து, சன்போர்டு என்கிற கெட்டி நுரை அட்டையில் ஒட்டி, கைரம்பத்தால் அறுத்து, ஓரத்துக்கு இரண்டு அங்குலப் பட்டை வளைத்து ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். புதுச்சேரியில் கம்ப்யூட்டர் மிஷின் ஒரு மணி நேரத்தில் வெட்டும் பலகை இவர்களுக்கு நாலு நாள் வேலை. மிஷின் ‘மீ’யை ஒரே துண்டாக வெட்டிவிடும். இவர்கள் ஷீட் வீணாகக் கூடாதென்று சுழியை மட்டும் கழிவுத் துண்டில் வெட்டி ஒட்டுவார்கள். மிஷின் எழுத்து படிக்க மட்டுமே ஆகும். இவர்கள் எழுத்து சொன்னதைச் செய்யவும் செய்யும். மடுகரை ஐஸ் கடை எழுத்துகளில் சித்திரை வெயிலிலும் பனி படியும், கடைக்காரர் காலையில் துடைப்பத்தால் தட்டிவிடுவார்.

“இன்னா பாய், நானு மீன் விக்கறதா கரண்டு விக்கறதா?” என்று தாயாரம்மாள் பட்டறை வாசலில் நின்று கேட்டார்.

விழுந்த சுழி வாய்க்காலோடு போயிருந்தது. நூருல் அமீன் புதிதாக வெட்டி ஒட்டினார். மறுநாள் கீழே கிடந்தது. பெரிதாக வெட்டினார், சிறிதாக வெட்டினார், பசையை மாற்றினார். நாலாவது சுழி நின்ற அரை நாளில் மீன்கள் ஷாக் அடிக்கவில்லை, விசில் அடித்தன. அதற்குள் புயல் வந்து ஊரில் கரண்ட் போனது. தெருக்காரர்கள் கிழங்கான் மீனின் வாயில் ஒயர் செருகி போனுக்கு சார்ஜ் போட்டுக்கொண்டார்கள். உள்ளே கரண்ட் ஓடியதால் மீன் கெடவில்லை. வாங்கத்தான் ஆளில்லை. ஒன்பதாம் நாள் தாயாரம்மாள் பரணிலிருந்து கூடையை இறக்கிக் கழுவினார்.

அதைப் பார்த்துவிட்டு வந்த நூருல் அமீன் ரம்பத்தைக் கீழே வைத்தார். தாஜ் நிஷா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“ஏன் நிக்கமாட்டேங்குது?”

“இருவது வருசமா சுழிய யாரு வெட்னது?”

அவர் யோசித்தார். நேர்க்கோடெல்லாம் அவர், வளைவெல்லாம் தாஜ் நிஷா. பழக்கத்தில் மறந்தே போயிருந்தது.

“நீதான்.”

“ஆங்.”

“ஒம்போது நாளா சொல்லாம குந்திக்கினு இருந்தியா?”

“கேப்பீங்களான்னு பாத்தேன்.”

“அக்கா கூடைய இறக்கிட்டாங்கடி.”

தாஜ் நிஷா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “அத மொதல்ல சொல்றதில்ல?”

உலையில் அரிசி வேகிற நேரத்தில் வெட்டி முடித்தார். பசை போடாமல் இரண்டு ஸ்குரூவில் தானே மாட்டினார். மீன்கள் அந்த நிமிடமே செத்த மீன்களாயின. கலைவேந்தன் பேனாவால் ஒரு வஞ்சிரத்தைத் தொட்டுப் பார்த்து, பிறகு கையால் தொட்டு, ஒரு கிலோ வாங்கினார். மதியத்துக்குள் பெட்டி காலி.

பசைக்குப் பதில் ஸ்குரூ போட்டது தெருக்காரர்கள் கேட்டுக்கொண்டதால். இப்போதும் கரண்ட் போனால் கடை முன்னால் வந்து நிற்கிறார்கள். “வித்து முடிக்கட்டும், இருங்கபா” என்பார் தாயாரம்மாள். விற்று முடித்ததும் ஒரு மீனை மிச்சம் வைத்து, சுழியைக் கழற்றுவார். கிழங்கானாக இருந்தால் நாலு வீட்டுக்கு ஃபேன் ஓடும். காரப்பொடி மீன் சின்னது, அவ்வளவு தாங்காது.