நாலு புள்ளி ஒன்பது

அக்கா வீட்டு ஏசி ஒழுக ஆரம்பித்ததால்தான் அவளுக்குத் தன் கணவனின் பெருமை தெரியவந்தது. வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஆப்பைத் திறந்து மெக்கானிக்குகளின் முகங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போன அக்கா, திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏய், இங்க பாருடி. உன் வீட்டுக்காரர்!"

அவனேதான். மடிப்புக் கலையாத நீலச் சட்டை, கட்டின கை, காது வரைக்கும் சிரிப்பு. அந்தச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டவள் அவள்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவள் பார்த்ததே இல்லை. பக்கத்தில் அஞ்சுக்கு நாலு புள்ளி ஒன்பது என்று போட்டிருந்தது. கீழே ஊரார் எழுதிய பாராட்டுகள். அக்கா அவற்றைச் சத்தமாக வாசித்தாள்.

"'பொறுமையின் சிகரம்.' 'சொன்ன நேரத்துக்கு வந்தார்.' 'வார்த்தைக்கு வார்த்தை மேடம் என்றார்.' 'என் மாமியார் திரும்பத் திரும்பக் கேட்டும் முகம் சுளிக்காமல் விளக்கினார்.' யாருடி இவரு? உனக்கு ஏதாவது பழக்கமா?"

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வீட்டு வாஷிங் மெஷின் படுத்து மாதக்கணக்காகிறது. தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. சொன்னால் "ம்" என்பான். மறுபடி சொன்னால் "பாக்கலாம்" என்பான். அதற்கு மேலும் சொன்னால், "நாள் பூரா வெளிய இதே எழவு, வீட்டுக்கு வந்தும் இதேதானா?" என்று எரிந்து விழுவான். அவளோ கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் நின்று, வருகிறவர் மூக்குக்கெல்லாம் ஃபிரேம் மாட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து குளியலறைத் தரையில் குந்தி அவனுடைய கிரீஸ் சட்டைகளைக் கும்மிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் போனை இப்படிக் கொடு."

அக்கா பெயரிலேயே, தன் வீட்டு விலாசத்தைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு அவனையே புக் செய்தாள். வேலையை ஒப்புக்கொண்ட பிறகுதான் மெக்கானிக்குக்கு முழு விலாசம் தெரியும். ஒப்புக்கொண்டதை ரத்து செய்தால் புள்ளி இறங்கிவிடும். புள்ளி இறங்குவதைப் பற்றிச் சாப்பிடும்போதெல்லாம் அவன் புலம்பிப் புலம்பி, அவளுக்கு எல்லாம் அத்துப்படி.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் போனை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக் காத்திருந்தாள். மணி அடித்தது. பையோடு நின்றிருந்தான், முகம் கடுகடுவென்று.

"என்னடி கூத்து இது? உங்கக்கா பேர்ல புக் பண்ணி என்னை அலைய விட்டிருக்கே?"

"பிடிக்கலைன்னா ரத்து பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே?"

அவன் பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

"செருப்புக்கு மேல அந்த நீல உறையை மாட்டிக்கிட்டு வாங்க. மத்தவங்க வீட்டுல அப்படித்தானே போவீங்க? அப்புறம், மேடம்னு கூப்பிடுங்க. எல்லாரும் அதைத்தான் மெச்சி எழுதியிருக்காங்க."

அவள் கையிலிருந்த போனைப் பார்த்தான். குனிந்து, சொந்த வீட்டு வாசலில் உறையை மாட்டிக்கொண்டான்.

"எந்த மெஷின்... மேடம்?"

விரிப்பை விரித்தான். மெஷினின் அடியிலிருந்த சின்ன மூடியைத் திறந்து, தேங்கிய தண்ணீரைத் தட்டில் பிடித்து, உள்ளேயிருந்த வடிகட்டியைத் திருகி எடுத்தான். வேலையில் இறங்கியதும் பழக்கதோஷத்தில் குரல் தானாகக் குழைந்தது.

"பாருங்க மேடம், இதுதான் அடைச்சுக்கிட்டிருந்தது. துணி போடறதுக்கு முன்னாடி பாக்கெட்டை ஒருதரம் பாத்துடணும்."

உள்ளங்கையை நீட்டினான். அவன் சட்டைப் பாக்கெட்டில் எப்போதும் கிடக்கிற ஸ்க்ரூக்கள். இருவரும் அதைப் பார்த்தார்கள். சத்தம் போடாமல் திரும்பத் தன் பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டான்.

அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இத்தனை நாளும் இது ஏதோ பெரிய பழுது, அவனுக்கும் பாவம் நேரமில்லை என்று அவளே தன்னைச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள். அந்தப் பாவமும் அன்றோடு போயிற்று.

பையை மூடியவன் நகரவில்லை. கழுத்தை நீட்டிப் போனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அஞ்சு போட்டுடும்மா. ரெண்டு வரி எழுதினா இன்னும் நல்லாருக்கும்."

அம்மா, செல்லம் என்று அவன் அழைத்து எத்தனையோ காலமாகிவிட்டது. அந்த நிற்பைக் காணச் சகிக்காமல் அஞ்சு நட்சத்திரத்தையும் அழுத்திவிட்டாள். உடனே வந்தது அந்தச் சிரிப்பு, காது வரைக்கும்.

"இனிமே வீட்டுல எது ரிப்பேரானாலும் இப்படியே போட்டுடு. எனக்கும் எண்ணிக்கை ஏறும். உங்க கடையில இருக்கறவங்ககிட்டயும் சொல்லேன்."

அவன் கூனிக் குறுகுவான் என்று நினைத்துத்தான் அவள் இவ்வளவும் செய்தாள். சூடு சொரணை உள்ளவனாக இருந்தால் குறுகியிருப்பான்.

கொஞ்ச நாளில் சமையலறையில் புகையை வெளியே தள்ளும் ஃபேன் நின்றுபோனது. சொன்னாள். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆப்ல போடு" என்றான். போட்டாள். அந்த நேரத்தில் அவனுக்கு வேறொரு வீட்டில் வேலை என்று ஆப் காட்டியது. அடுத்த பெயரை அழுத்தினாள்.

வந்தவன் புள்ளி குறைந்தவன். சிரிக்கவில்லை, மேடம் போடவில்லை, ஸ்டூல் ஆடுகிறது என்று முணுமுணுத்தான். ஆனால் ஃபேனை ஓட வைத்துவிட்டான். இறங்கும்போது சுவரில் கல்யாணப் போட்டோவைப் பார்த்தான்.

"இது நம்ம அண்ணன் வீடா? அண்ணனே செஞ்சிருக்கலாமே?"

"அவருக்கு வெளி வேலையே சரியா இருக்கு. ஆப்ல போடுன்னு அவருதான் சொன்னாரு."

அன்று சாயங்காலம் வீட்டுக்காரன் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தான்.

"மானத்தை வாங்கிட்டியேடி! மெக்கானிக் வாட்ஸப் குரூப்ல ஒருத்தன் பாக்கியில்லாம கேக்கறான், 'அண்ணே, அண்ணிக்கே உங்க மேல நம்பிக்கை இல்லையா'ன்னு!"

"ஆப்ல போடச் சொன்னது நீங்கதானே?"

"என்னைப் போடச் சொன்னேன்!"

"நீங்க வேற ஒரு மேடம் வீட்டுல இருந்தீங்க. நான் என்ன பண்ண முடியும்?"

அதன் பிறகு ஞாயிறுதோறும் அவன் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக வீட்டைச் சுற்றி வருகிறான். கெடாத சுவிட்சைக்கூடக் கழற்றிப் பார்க்கிறான். முகம் மட்டும் பழைய கடுகடு. அக்கா போனில் கேட்டாள்.

"என்னடி, மனுஷன் திருந்திட்டாராமே?"

"திருந்தல்லாம் இல்லக்கா. குரூப்புக்குப் பயந்துட்டாரு."

"எதுக்குப் பயந்தா என்ன? வேலை நடக்குதில்ல?"

நடக்கத்தான் செய்கிறது. கூடத்தில் ஃபேனுக்கடியில் ஏறி நின்றவன், ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கத்தினான். போனைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை.