கழற்றினால் என்ன ஆகும்?

இணையக் கடைகளுக்கான அந்தச் சின்ன ப்ளகின் மென்பொருளை எழுதி முடிக்க அவளுக்கு ஏழு மாதம் பிடித்தது. துணி விற்பவர் அதைத் தன் கடையின் இணையப் பக்கத்தில் மாட்டிக்கொண்டால் போதும். வாங்க வருபவர் உயரத்தையும் எடையையும் தட்டியதும் எந்த அளவுச் சட்டை பொருந்தும் என்று சொல்லிவிடும். அதற்காகவே நல்ல வேலையை உதறியவள். விற்பனைக்கு ஏற்றி ஐந்து வாரமாகியும் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொன்னால் பழைய வேலை திரும்பக் கிடைக்கும்.

புதன்கிழமை நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டில் அவளுக்கு நைநை என்று பெயர். கேள்வி கேட்க ஆரம்பித்தால் ஓயமாட்டாள். வீட்டுச் சாமான் கடையொன்றில், வேண்டாமென்று திரும்பி வரும் பொருள்களை வாங்கி வைப்பது அவள் வேலை.

ப்ளகினுக்கு அண்ணி எழுதியிருந்த விவரத்தை நைநை உரக்கப் படித்தாள். "'அதிநவீன நுண்ணறிவால் இயங்கும் முழுமையான அளவுத் தீர்வு.' அண்ணி, இது சட்டை அளவு சொல்லுமா, ராக்கெட் விடுமா?"

"எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க."

"அதான் யாரும் படிக்கல. சரி, பிடிக்கலன்னு கழட்டினா என்ன ஆகும்?"

"மாட்டவே ஆளக் காணோம், கழட்டுறதப் பத்திக் கேக்குற. உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"கடை அவங்க பொழப்பு அண்ணி. முன்னபின்ன தெரியாத ஒண்ண அதுல மாட்ட யாருக்கும் பயமாத்தான் இருக்கும். கழட்டித்தான் காட்டுங்களேன்."

சோதனைக்கென்று வைத்திருந்த பொய்க்கடையில் கழற்றினாள். ஒவ்வொரு சட்டைக்குக் கீழும் ஒரு வெற்றுக் கட்டம் நின்றது. கடையில் முன்பிருந்த அளவுப் பட்டியலைக் காணவில்லை. அவள் முகம் சுண்டிப்போயிற்று. ஏழு மாதத்தில் ஒருமுறைகூட அதைக் கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. பெற்ற பிள்ளையை வீட்டைவிட்டுப் போகச் சொல்லி யாராவது ஒத்திகை பார்ப்பார்களா?

அன்றும் மறுநாளும் உட்கார்ந்து சரிசெய்தாள். நைநை விடுப்பு போட்டுவிட்டு வந்து மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். பிறகு விவரத்தைத் தானே எழுதினாள்.

'உங்கள் கடைக்கு வருபவருக்கு எந்த அளவு பொருந்தும் என்று இது சொல்லும். துணிக்கு மட்டும், செருப்புக்கு உதவாது. பிடிக்கவில்லையா, கழற்றிவிடுங்கள். உங்கள் பழைய அளவுப் பட்டியல் அப்படியே இருக்கும். முப்பத்திரண்டு முறை கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம்.'

பகட்டாக ஒரு சொல் இல்லை. படித்த அண்ணிக்குப் பொறாமைகூட வந்தது. ஏழு மாத உழைப்பில் அவளுக்குப் புலப்படாத ஆள், அந்தக் கடைக்காரர், இந்த நாலு வரியில் எதிரே வந்து நின்றார். எவ்வளவு கெட்டிக்காரி இவள் என்று வாய்விட்டே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மதியம் முதல் கடை அதை மாட்டியது. இருவரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. பதினோராவது நிமிடம் அதே கடை கழற்றிவிட்டது.

அண்ணி தன் பழைய அலுவலகத்துக்கு, 'திங்கட்கிழமை வந்துவிடுகிறேன்' என்று எழுதினாள். அனுப்பப் போகும் நேரத்தில் அந்தக் கடைக்காரரின் செய்தி வந்தது.

'கழற்றிப் பார்த்தேன். சொன்னபடியே இருந்தது. திரும்ப மாட்டிவிட்டேன், என் இன்னொரு கடையிலும்.'

எழுதியதை அழித்து, 'வரவில்லை, மன்னிக்கவும்' என்று அனுப்பினாள். பிறகு நாற்காலியை நாத்தனார் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"அடுத்து என்ன கேக்கணுமோ கேளு."