தாவூனுக்கு வாய் கோணியபோது

ஜொன்ஜு நகரில் கஞ்சிக்கடை நடத்தும் மியோங்சுக்குக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. அந்த ஞாயிறு மதியம் இருந்ததும் போனது. தூங்கி எழுந்த, தொடக்கப் பள்ளியில் படிக்கும் மகள் தாவூன், வாய் ஒரு பக்கம் கோண, கன்னம் வெட்டி வெட்டி இழுக்க, எச்சில் வழிய உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் தொண்டையிலிருந்து களகளவென்று சத்தம் மட்டும்.

கிம்ச்சி ஊறுகாய் கொடுக்க வந்திருந்த நாத்தனார் ஜொங்ரான் எட்டிப் பார்த்தாள். "நடிப்பு! நாளைக்கு டியூஷன்ல கணக்குப் பரீட்சை இல்ல?"

"தாவூன், போதும்டி. வாயச் சரியா வை," என்று மியோங்சுக்கும் அதட்டினாள்.

இழுப்பு நிற்கவில்லை. "செரிக்காம வயித்துல அடைப்பு. பாட்டி வைத்தியம்தான், விரல்ல குத்தி ரத்தம் எடுத்தாச் சரியாயிரும்," என்று ஜொங்ரான் ஊசியைத் தேடினாள்.

"நடிப்புங்கிறீங்க, அடைப்புங்கிறீங்க. ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க அண்ணி!"

ஊசி கிடைப்பதற்குள் இழுப்பு நின்றது. சற்றுப் பொறுத்துப் பேச்சு வந்ததும் தாவூன் ஓவென்று அழுதாள். "நான் நடிக்கல. நீங்க பேசினதெல்லாம் கேட்டுச்சு. நாக்குதான் வரல. போன வாரமும் இப்படித்தான். சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல."

மியோங்சுக் மகளின் வாயைத் துடைத்துவிட்டாள். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

தலை முழுக்க ஒயர் ஒட்டி, தூங்க வைத்துப் பரிசோதித்தார்கள். "வலிப்புதான்," என்றார் டாக்டர் அம்மா. "ஆனா வளர வளர போயிடுற வகை. தூக்கத்திலயோ எழுந்திருக்கும்போதோதான் பெரும்பாலும் வரும். இப்போதைக்கு மருந்து வேண்டாம். வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க. நல்லாத் தூங்கட்டும்."

வீட்டில் தொடங்கியது கூத்து. "மருந்து இல்லையா? அப்ப அவ என்ன டாக்டர்!" என்றாள் ஜொங்ரான். கணவன் கியுஹ்யோன் குரலைத் தாழ்த்தினான். "தாவூன் அம்மா, ஸ்கூல்ல மட்டும் சொல்லிடாத. பிள்ளைக்குப் பட்டப்பேர் வச்சிருவாங்க."

"சொல்லலன்னா நடிக்கிறாள்னு அங்கயும் திட்டுவாங்க. நாம திட்டினது போதாதா?"

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவள் பார்க்கவே இல்லை. ராத்திரி டியூஷனை நிறுத்தினாள். மகளோடு பள்ளிக்குப் போனாள். ஆசிரியரிடம் தாவூனே சொன்னாள்: "எனக்கு வாய் கோணினா, பதில் சொல்லு சொல்லுன்னு கேக்காதீங்க சார். காது கேக்கும். பேச்சு மெதுவா வரும்."

பிறகும் சில காலைகளில் இழுப்பு வந்தது. மியோங்சுக் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா இருக்கேன்டா," என்று மட்டும் சொல்வாள். ஜொங்ரான் தொலைபேசியில் புதுப்புதுக் கஷாயம் சொல்லிக்கொண்டேயிருந்தாள். தாவூன் நடுநிலைப் பள்ளிக்குப் போனபின் இழுப்பு வரவேயில்லை.