வெள்ளித் தடம்

சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கிய சோலையம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே முதலாளி வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வந்தாள். மறுநாள் அங்கே விருந்து. வாஷிங் மெஷின் தண்ணீர் ஓடி ஓடி, பேவர் பிளாக் தரை முழுக்கப் பாசி பிடித்துக் கிடந்தது.

இடுக்கில் முளைத்த புல்லைக் கிண்டி எறிந்து, சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று.

"அக்கா, அங்கன ஏதோ மினுங்குதே," என்றாள் முதலாளியின் மருமகள் பிரீத்திகா.

அந்த வெள்ளித் திட்டைத் தேய்த்துவிட்டு நிமிர்ந்தால், நடந்த வழியில் புதிதாக நாலு திட்டுகள். அவற்றையும் தேய்த்தாள். திரும்பினால் மறுபடியும்.

"எங்கெருந்துதான் வருதோ இந்த எழவு!"

காலைத் தூக்கிப் பார்த்தாள். குதிகால் வெடிப்பில் அப்பியிருந்த அலுமினியப் பவுடர் ஈரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. தினமும் கம்பெனியிலேயே கழுவிவிட்டுத்தான் கிளம்புகிறாள், பதினெட்டு வருஷமாக.

"உங்க கம்பெனி பட்டாசு மருந்துதான் தாயி, காலோட வந்துருக்கு. ரெண்டு கேரிபேக் இருந்தாக் குடுங்க."

பிரீத்திகா கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு காலிலும் பையைக் கட்டிக்கொண்டு, சோலையம்மாள் மறுபடி முதல் கல்லிலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள்.